ஆடிட்டரைச் சரிபார்ப்பது யார்?

வணிகப் பெருமக்கள் தராசை நம்பிப் பிழைப்பவர்கள். அந்தத் தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஆய்வாளர் கடை வாசலில் வந்து நிற்பார். பருப்போ, எண்ணெயோ, மிளகாய்த்தூளோ, எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போவார். கொள்முதல், விற்பனை, இருப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் நம் பேரேடு முழுவதையும் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரின் வேலையைச் சரிபார்ப்பவர் யார்? அவர் தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டா?

உண்டு. அதற்கென்று சட்டம் இருக்கிறது, விசாரணைக் குழு இருக்கிறது, அந்தக் குழுவில் விஷயம் தெரிந்த நிபுணர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் இதை அறியாமல் இருக்கிறோம். அறிந்த சிலரும் அது ஏதோ பணம் வாங்கித் தரும் பஞ்சாயத்து என்று எண்ணிப் போய், ஏமாந்து திரும்புகிறார்கள். ஆகவே அந்தக் குழு எது, அதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்க்கமாட்டார்கள் என்பதை நம் உறுப்பினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆடிட்டர் யார்?

நம் கடைத்தெருவில் கணக்கு எழுதித் தருபவர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுபவர், வருமானவரிப் படிவம் நிரப்புபவர் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: ஆடிட்டர். பேச்சு வழக்குக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. பட்டயக் கணக்காளர், அதாவது சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் என்று பதிவேட்டில் பெயர் உள்ளவர் மீது மட்டுமே நாம் இங்கே சொல்லப்போகும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. வரி ஆலோசகராகவோ ஜி.எஸ்.டி. பயிற்சியாளராகவோ மட்டும் இருப்பவர் தவறு செய்தால் இந்தக் குழு அவரைக் கேட்க முடியாது. காஸ்ட் அக்கவுண்டண்டுகளுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், கம்பெனி செயலர்களுக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. பட்டயக் கணக்காளர் அல்லாத ஒருவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு தொழில் நடத்தினால் அது தண்டனைக்குரிய குற்றம்.

எனவே பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்காமல், "உங்கள் உறுப்பினர் எண் என்ன?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உண்மையான பட்டயக் கணக்காளர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1949-ல் வந்த சட்டம்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தோன்றியது. பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்படி அமைந்தது அது. தலைமை அலுவலகம் டில்லியில். தென்மாநிலங்களுக்கான மண்டலக் கவுன்சில் சென்னையில். தேர்வு நடத்துவது, பதிவேடு வைத்திருப்பது, ஒழுங்கு தவறிய உறுப்பினரை விசாரிப்பது ஆகிய மூன்றும் அதன் பொறுப்பு.

வெகுகாலம் வரை ஆடிட்டர் என்றால் பெரிய மில், வங்கி, கம்பெனி ஆகியவற்றின் விவகாரம் என்றே நாம் இருந்தோம். 1984-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மாற்றியது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டிய வியாபாரிகள் பட்டயக் கணக்காளரிடம் கணக்கைத் தணிக்கை செய்து அறிக்கை தரவேண்டும் என்ற நிலை அப்போது வந்தது. அந்த வரம்பு பிறகு 1 கோடியாக உயர்ந்தது. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்துக்கு மேல் போகாத வியாபாரிகளுக்கு 10 கோடி வரை விலக்குக் கிடைத்தது. ஆனாலும் வங்கியில் ஓவர்டிராப்ட் கேட்கும்போதும், கூட்டுத் தொழிலைப் பிரிக்கும்போதும், பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்புக்குச் சொத்து மதிப்புச் சான்று வாங்கும்போதும் அந்தக் கையெழுத்து நமக்குத் தேவைப்படுகிறது. அதை நம்பித்தான் வங்கி பணம் தருகிறது. அதை நம்பித்தான் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்கிறார்கள்.

எவை தவறு?

எது தொழில் ஒழுக்கக் கேடு என்பதைச் சட்டமே இரண்டு அட்டவணைகளாகப் பிரித்துத் தந்திருக்கிறது. முதல் அட்டவணையில் இருப்பவை ஒப்புநோக்கில் சிறியவை. இரண்டாம் அட்டவணையில் இருப்பவை பெரியவை. வியாபாரிகளுக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறோம்.

முதல் அட்டவணையில்: ஆள் பிடித்துத் தொழில் தேடக்கூடாது. லாபத்தில் இவ்வளவு பங்கு, வேலை முடிந்தால் இவ்வளவு சதவீதம் என்று கட்டணம் பேசக்கூடாது (விதிகளில் சொன்ன சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு). "ரீஃபண்ட் வாங்கித் தந்தால் பத்துக்கு ஒன்று எனக்கு" என்று ஒருவர் சொன்னால், அந்த விலக்கில் அது வருகிறதா என்று கேட்கவேண்டும். கவுன்சிலின் அனுமதியின்றி வேறு வியாபாரத்தில் ஈடுபடக்கூடாது. முந்தைய ஆடிட்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் அவர் பார்த்துவந்த தணிக்கையை ஏற்கக்கூடாது.

இரண்டாம் அட்டவணையில்: கட்சிக்காரரின் ரகசியத்தை அவர் சம்மதமோ சட்டத்தின் கட்டளையோ இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. தாமோ தம் நிறுவனத்தாரோ வேறொரு பட்டயக் கணக்காளரோ பார்த்து ஆராயாத கணக்கில் கையெழுத்துப் போடக்கூடாது. தமக்குத் தெரிந்த முக்கிய விஷயத்தை அறிக்கையில் மறைக்கக்கூடாது. உரிய கவனமின்றியோ பெரும் அலட்சியத்தோடோ வேலை செய்யக்கூடாது. கட்சிக்காரர் ஒரு காரியத்துக்கென்று நம்பிக் கொடுத்த பணத்தை நியாயமான காலத்துக்குள் அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்கக்கூடாது.

கடைசியாகச் சொன்னது நம்மவர்களுக்கு மிகவும் வேண்டியது. வரி கட்டுவதற்கென்று பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்து, ஆண்டுகள் கழித்து வட்டியும் அபராதமும் சேர்ந்த நோட்டீஸைக் கையில் வாங்கியவர்கள் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள்.

விசாரணை நடக்கும் விதம்

2006-ஆம் ஆண்டுத் திருத்தம் விசாரணைக்கு ஒரு புதிய அமைப்பைத் தந்தது. ஒழுங்கு நடவடிக்கை இயக்குநர் என்ற அதிகாரியின் கீழ் ஓர் இயக்ககம். அதற்கு மேல் இரண்டு அமர்வுகள். முதல் அட்டவணைத் தவறுகளை மூவர் கொண்ட ஒழுங்கு வாரியம் விசாரிக்கும். இரண்டாம் அட்டவணைத் தவறுகளையும், இரண்டும் கலந்தவற்றையும் ஐவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும்.

2007-ல் வகுத்த விதிகளின்படி, புகாரை உரிய படிவத்தில் மூன்று பிரதிகளாக, ஆதாரங்களுடன், 2,500 ரூபாய் கட்டணத்தோடு கொடுக்கவேண்டும். அது ஆடிட்டருக்கு அனுப்பப்படும். அவர் 21 நாளில் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். அந்தப் பதில் நமக்கு வரும், நாமும் மறுபதில் தரலாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு, மேலோட்டமாகப் பார்த்தால் தவறு தெரிகிறதா இல்லையா என்று இயக்குநர் தம் கருத்தை எழுதுவார். தவறு தெரிந்தால் முழு விசாரணை. தெரியவில்லை என்றாலும் அவர் தாமாகக் கோப்பை மூடிவிட முடியாது. வாரியத்தின் முன் வைக்கவேண்டும். வாரியம் ஒப்புக்கொள்ளலாம், அல்லது மேலும் விசாரிக்கச் சொல்லலாம்.

வாரியத்துக்கும் குழுவுக்கும் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. 2006 அமைப்பில் வாரியம் விதிக்கக்கூடியவை: கண்டனம், 3 மாதம் வரை பெயர் நீக்கம், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழு விதிக்கக்கூடியவை: கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயர் நீக்கம், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவர் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். புகார் கொடுத்தவருக்கு அந்தப் பிரிவு நேரடியான மேல்முறையீட்டைத் தரவில்லை. கவுன்சில் அனுமதித்தால் இயக்குநர் போகலாம்.

ஒரு ஆடிட்டருக்குப் பெயர் நீக்கம் என்பது, நம் கடையின் உரிமத்தைப் பறித்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம். ஆகவே இதை விளையாட்டாக எண்ணிப் புகார் எழுதக்கூடாது. எழுதவேண்டிய இடத்தில் அஞ்சவும் கூடாது.

உட்கார்ந்திருப்பவர்கள் யார்?

ஆடிட்டரை ஆடிட்டர்களே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா என்பது நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி. கேட்பதில் தவறில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். நம் மண்டியில் மிளகாய் வற்றலின் தரத்தில் தகராறு வந்தால் யாரை அழைக்கிறோம்? நாலு பேர் மதிக்கும் மூத்த மிளகாய் வியாபாரியைத்தான். கையில் அள்ளி, காம்பைக் கிள்ளி, நிறத்தைப் பார்த்து, "இது போன வருடச் சரக்கு" என்று அவரால்தான் சொல்ல முடியும். வக்கீலால் சொல்ல முடியாது. அதேபோல, ஒரு தணிக்கையில் எவ்வளவு பார்த்திருந்தால் போதும், எதைப் பார்க்காதது அலட்சியம் என்பதைத் தணிக்கை செய்து பழகியவரால்தான் சொல்ல முடியும். நிபுணர் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மிளகாய்த் தகராறில் நடுவராக வருபவர் விற்றவருக்கு மைத்துனராக இருந்தால் வாங்கியவர் ஒப்புவாரா? அங்கேதான் சிக்கல். 1986-ல் உச்ச நீதிமன்றம் இதே நிறுவனத்தின் விசாரணை முறையைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. அக்காலத்தில் ஒழுங்குக் குழு விசாரித்து அறிக்கை தரும். பிறகு கவுன்சில் கூடி அவர் குற்றவாளியா என்று முடிவு செய்யும். விசாரித்த குழுவில் இருந்தவர்களே கவுன்சிலிலும் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அப்படி உட்காரக்கூடாது என்றும், குற்றவாளி என்று முடிவுகட்டுமுன் கவுன்சிலே அந்த உறுப்பினரின் வாதத்தைக் கேட்கவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தன் அறிக்கையைத் தானே சரி என்று சொல்லும் நிலை நியாயமாகாது என்பதே அதன் சாரம்.

2006 திருத்தம் கவுன்சிலின் அந்தப் படியை எடுத்துவிட்டு, வாரியமும் குழுவுமே முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதோடு வெளியாட்களையும் உள்ளே அனுப்பியது. வாரியத்துக்குச் சட்ட அனுபவம் உள்ளவர் தலைவர், கவுன்சிலிலிருந்து ஒருவர், மத்திய அரசு அனுப்பும் ஒருவர். குழுவுக்கு நிறுவனத்தின் தலைவர் அல்லது துணைத்தலைவர் தலைமை, கவுன்சிலிலிருந்து இருவர், அரசு நியமிக்கும் இருவர். அரசு அனுப்புபவர்கள் சட்டம், பொருளாதாரம், வணிகம், நிதி, கணக்கியல் இவற்றில் பெயர் பெற்றவர்களாக இருக்கவேண்டும். வணிகம் என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும்.

2022-ல் பாராளுமன்றம் மறுபடியும் ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது. வாரியத்திலும் குழுவிலும் தலைவர் பட்டயக் கணக்காளராக இருக்கக்கூடாது, வெளியாட்களே பெரும்பான்மை என்பது அதன் முக்கிய ஏற்பாடு. கொடுத்த புகாரைத் திரும்பப் பெற முடியாது என்றும், தனியாள் மட்டுமின்றித் தணிக்கை நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அது சொல்கிறது. அபராத வரம்பையும் உயர்த்தியது. அந்தச் சட்டத்தின் பிரிவுகள் மத்திய அரசு அறிவிக்கும் தேதிகளிலிருந்து, வெவ்வேறு நாளில் நடைமுறைக்கு வரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனவே புகார் எழுதுபவர்கள் அன்றைய தேதியில் எந்த முறை, எவ்வளவு கட்டணம் என்பதை நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும்.

பெயரால் குழம்பவேண்டாம்

நிபுணர் குழு என்ற பெயரில் வேறு சில அமைப்புகளும் உள்ளன. 1975-ல் அந்நிறுவனம் நிபுணர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. இந்தச் செலவை எப்படிக் கணக்கில் காட்டுவது, இந்த வரவை எந்த ஆண்டில் சேர்ப்பது போன்ற கேள்விகளுக்கு அது கருத்துச் சொல்லும். அந்தக் கருத்துகள் தொகுதி தொகுதியாகப் புத்தகமாகவும் வந்துள்ளன. ஆனால் அதன் விதிகள் கறாரானவை. தொழில் ஒழுக்கக் கேடு பற்றிய கேள்விகளை அது ஏற்காது. வெறும் சட்ட விளக்கம் கேட்டால் பதில் தராது. ஒழுங்குக் குழுவிலோ, நீதிமன்றத்திலோ, வருமானவரி அலுவலகத்திலோ நிலுவையில் உள்ள விவகாரத்தைத் தொடாது. அதன் கருத்து அந்தக் குழுவின் கருத்தே தவிர, கவுன்சிலின் அதிகாரபூர்வமான கருத்தும் ஆகாது. ஆகவே நம் ஆடிட்டர் செய்தது சரியா என்று இதனிடம் கேட்க முடியாது.

2002-ல் நிதி அறிக்கை மறுஆய்வு வாரியம் என்று ஒன்று ஏற்பட்டது. இது கம்பெனிகளின் வெளியான கணக்குகளை எடுத்துப் படித்து, தணிக்கையில் பெரிய குறை தெரிந்தால் ஒழுங்கு இயக்குநருக்கு அனுப்பும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி வெளிவந்த பிறகு, ஆடிட்டர்களை அவர்களின் நிறுவனமே விசாரிப்பது போதாது என்ற பேச்சு வலுத்தது. 2013 கம்பெனிச் சட்டத்தில் இடம்பெற்று, 2018 அக்டோபரில் அமைந்தது தேசிய நிதி அறிக்கை ஆணையம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள், 500 கோடி மூலதனமோ 1,000 கோடி விற்றுமுதலோ உள்ள பெரிய பொதுக் கம்பெனிகள் போன்றவற்றின் ஆடிட்டர்கள் அதன் கீழ் வருவார்கள். நம் கடைகளின் ஆடிட்டர் அதன் கீழ் வரமாட்டார். நமக்கு வாசல் பழைய வாசல்தான்.

குழு எதைப் பார்க்கும்?

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பருப்பு மொத்த வியாபாரம். மார்ச் 31-ல் கிடங்கில் 200 மூட்டை துவரம்பருப்பு. வங்கியில் கூடுதல் கடன் வேண்டும் என்பதற்காக அண்ணன் 500 மூட்டை என்று இருப்புப் பட்டியல் கொடுக்கிறார். ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு ஆண்டு கழித்துத் தம்பி பிரிந்துபோக விரும்புகிறார். இல்லாத 300 மூட்டையும் பாகக் கணக்கில் வருகிறது. வீட்டில் சண்டை, கடை வாசலில் சண்டை, கடைசியில் இருவரும் ஒன்றுசேர்ந்து, "எல்லாம் ஆடிட்டர் செய்தது" என்கிறார்கள்.

குழுவின் முன் இது போனால் நிபுணர்கள் என்ன கேட்பார்கள்? இருப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கினீர்களா? கொள்முதல், விற்பனை அளவோடு ஒத்துப் பார்த்தீர்களா? கிடங்கின் கொள்ளளவு என்ன? சந்தேகம் வந்திருந்தால் அறிக்கையில் குறித்தீர்களா? உங்கள் வேலைக் குறிப்புகள் எங்கே? இவற்றுக்கு ஆடிட்டரிடம் பதில் இல்லை என்றால் அது அலட்சியம். ஆனால் அவர் பட்டியலை முதலாளியின் கையெழுத்தோடு வாங்கி வைத்து, பில்களோடு ஒத்துப் பார்த்த குறிப்பும் காட்டினால், பொய்ப் பட்டியல் தந்தவர் யார் என்ற கேள்வி நம் பக்கம் திரும்பும். கணக்கை உண்மையாக எழுதுவது கடைக்காரரின் பொறுப்பு. எழுதிய கணக்கை உரிய கவனத்தோடு பார்ப்பது ஆடிட்டரின் பொறுப்பு. முதல் பொறுப்பைக் கைவிட்டவர் இரண்டாவதைப் பற்றிப் புகார் சொல்லப் போனால் வாய் அடைத்துப் போகும்.

சாதாரணப் பிழை வேறு, ஒழுக்கக் கேடு வேறு என்பதையும் குழு பிரித்துப் பார்க்கும். கூட்டலில் நேர்ந்த சிறு தவறுக்கெல்லாம் பெயர் நீக்கம் வராது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டாரா, தெரிந்தே மறைத்தாரா, நம்பிக் கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டாரா என்பவையே முக்கியம்.

இன்னொன்று. இந்தக் குழு நமக்கு நஷ்ட ஈடு வாங்கித் தராது. அபராதம் விதித்தாலும் அந்தப் பணம் நம் கல்லாவுக்கு வராது. பணத்தைத் திரும்பப் பெற சிவில் நீதிமன்றம், மோசடி என்றால் காவல்துறை. நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் கடமையும் நம் தலையிலேயே இருக்கும். இதைத் தெரியாமல் போனவர்கள்தான் "அங்கே போய் ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள்.

நியாயம் இரண்டு பக்கமும்

நல்ல ஆடிட்டர்களுக்கும் இந்தக் குழு ஒரு கவசம். "நான் சொன்னபடி போடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போகிறேன்" என்று மிரட்டும் வியாபாரிகள் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? முடியாது என்று சொன்ன ஆடிட்டரை விட்டுவிட்டு, முடியும் என்பவரைத் தேடிப் போகிறோம். புதியவர் பழையவருக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்ற விதி இதற்குத்தான் இருக்கிறது. தகராறு இல்லாத தணிக்கைக் கட்டணத்தைப் பழையவருக்குப் பாக்கி வைத்திருந்தால் புதியவர் அந்தத் தணிக்கையை ஏற்கக்கூடாது என்றும் கவுன்சிலின் வழிகாட்டுதல் இருக்கிறது. புதியவர் இந்த இரண்டையும் கேட்டால் அவர் தொல்லை தருகிறார் என்று எண்ண வேண்டாம். அவர் ஒழுங்கானவர் என்று எண்ணலாம்.

நாம் செய்யவேண்டியவை

குழுவின் முன் வாய்ப் பேச்சு எடுபடாது, காகிதம்தான் பேசும். மனக்குறை எவ்வளவு பெரிதானாலும் ஆதாரம் இல்லாவிட்டால் இயக்குநரின் மேசையிலேயே நின்றுவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றை இன்றே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஒன்று: வரிப் பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கவேண்டாம். நம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டி, செலுத்திய சீட்டை அன்றே எடுத்து வைக்கவேண்டும். தவிர்க்க முடியாமல் கொடுத்தால் காசோலையாக, எந்த வரிக்கு என்று குறித்த கடிதத்தோடு கொடுக்கவேண்டும்.

இரண்டு: ஜி.எஸ்.டி., வருமானவரி இரண்டின் கடவுச்சொல்லும் நம்மிடமும் இருக்கவேண்டும். கைப்பேசி எண் நம்முடையதாக இருக்கவேண்டும். ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுடைய எண்ணைக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் வரவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

மூன்று: 2019 முதல் பட்டயக் கணக்காளர் தரும் சான்று, அறிக்கை ஒவ்வொன்றிலும் யூடின் என்னும் 18 இலக்க எண் இருக்கவேண்டும். அந்நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண் இல்லாத சான்றை வாங்கவேண்டாம். போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

நான்கு: என்ன வேலை, என்ன கட்டணம், எந்தத் தேதிக்குள் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திடவேண்டும். ஒப்படைக்கும் பில்கட்டு, பேரேடு ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கவேண்டும்.

ஐந்து: கையெழுத்தான கணக்கின் பிரதியை, வாசித்துப் பார்த்து, பத்திரப்படுத்த வேண்டும். 7 ஆண்டுக்கு மேற்பட்ட சம்பவமாக இருந்து, காலதாமதத்தால் சாட்சியம் திரட்டுவது கடினம் என்று தோன்றினால் புகாரை ஏற்க மறுக்க 2007 விதிகள் இயக்குநருக்கு இடம் தந்தன. எனவே தூங்கிவிட்டுப் பிறகு விழிப்பதில் லாபமில்லை.

ஆறு: புகார் எழுதுமுன் ஆடிட்டரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கவேண்டும். பாதி விவகாரங்கள் அந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தீராவிட்டால் அந்தக் கடிதமே முதல் ஆதாரம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வெளியாட்களைக் குழுவில் அமர்த்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. வணிகம் அறிந்தவர் என்றால் பெரிய கம்பெனி நிர்வாகியை மட்டும் நினைக்கிறார்கள். கிடங்கில் மூட்டை எண்ணுவது எப்படி, வெல்லம் கசிந்தால் எடை எவ்வளவு குறையும், புளியில் ஈரம் காய்ந்தால் எவ்வளவு போகும், கடன் புத்தகத்தில் வராத பாக்கியை எப்போது தள்ளுவது என்பதெல்லாம் சிறு வியாபாரத்தில் ஊறியவருக்குத்தான் தெரியும். தெரியாதவர் உட்கார்ந்தால், உண்மையான சேதாரத்தைப் பொய் என்பார், பொய்யான சேதாரத்தை உண்மை என்பார். இரண்டிலும் தவறான ஆள் தண்டனை பெறுவார்.

ஆகவே சிறு வணிகக் கணக்குகள் பற்றிய விசாரணைகளில் அந்த அனுபவம் உள்ளவர்களின் பெயரும் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று நமது மாநிலச் சங்கம் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்கும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கும் எழுதவேண்டும். மாவட்டம் தோறும் ஒரு பட்டயக் கணக்காளரையும் ஒரு வழக்கறிஞரையும் இரண்டு மூத்த வணிகர்களையும் கொண்ட ஆலோசனைக் குழுவை நம் சங்கமே அமைக்கலாம். புகார் எழுத நினைக்கும் உறுப்பினர் முதலில் அங்கே காகிதங்களைக் காட்டட்டும். இது ஒழுக்கக் கேடா, வெறும் கட்டணத் தகராறா, நம் பக்கத்துத் தவறா என்று அவர்கள் சொல்லட்டும். வீண் புகார் குறையும். நியாயமான புகார் வலுவோடு போய்ச் சேரும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள கடைசித் தணிக்கை அறிக்கையை எடுத்து, அதில் யூடின் எண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.